பதில்: டேஷ்ஹண்டுக்கு மறுபடியும் பின்னங்கால் தள்ளாட்டம்

மண்டபம் நண்பருக்கு, போன வருஷம் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) ஆபரேஷன் ஆன 6 வயது டேஷ்ஹண்ட் நாய்க்கு நேற்றிலிருந்து பின்னங்கால் பின்னுகிறது, மிச்சமிருக்கும் மெலாக்சிகாம் வலி மருந்தைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்களாகக் கொடுக்காதீர்கள். டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டும் சேர்ந்து வயிறு புண்ணாகி ரத்தம் கசியலாம்.

பழைய ஆபரேஷன் கெட்டுவிட்டதோ என்று கலங்க வேண்டாம். இந்த இனத்துக்குச் சின்ன வயதிலேயே பல டிஸ்க்குகள் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றவை அப்படியே இருக்கும். மறுபடி வருவது பெரும்பாலும் வேறொரு டிஸ்க்கில்தான்.

கால் அசைவே நின்றுவிட்டால், பின்னங்கால் விரலை எலும்பு வரை அழுந்தக் கிள்ளிப் பாருங்கள். காலை இழுப்பது வெறும் அனிச்சை, அதை நம்பாதீர்கள். தலையைத் திருப்புகிறதா, கத்துகிறதா என்பதே கணக்கு. இரண்டும் இல்லையென்றால் அன்றைக்கே கிளம்புங்கள். 24 மணி நேரம் தாண்டத் தாண்ட மறுபடி நடக்கும் வாய்ப்பு குறையலாம். மதுரையில் யார் முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிறார்கள், ஸ்கேன் எங்கே என்று இப்போதே போனில் விசாரித்து வையுங்கள். முதுகு வளையாமல் பலகையில் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். மீன் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டியில் சாக்கு விரித்தாலும் போதும்.

நடக்கிறதென்றால் 4 முதல் 6 வாரம் கூண்டு ஓய்வு. மூத்திரத்துக்கு மட்டும் வெளியே, கழுத்துப்பட்டை இல்லாமல் மார்புப்பட்டையில். கடற்கரை மணல், திண்ணை, டைல்ஸ் தரை எதுவும் ஆகாது. 8 மணி நேரம் மூத்திரம் போகாமல் வயிறு கல்லாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் மூத்திரப்பையை அமுக்கி மூத்திரத்தை எடுக்க வேண்டும்.