வாலும் ஐம்பது ரூபாயும்

அன்புள்ள ஐயா,

டாபர்மேன் குட்டி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பிறந்து இரண்டு நாள் ஆகிறது. வாலை நறுக்கிவிடலாமா என்று கேட்கிறார் குட்டி விற்பவர். வால் இருந்தால் டாபர்மேன் மாதிரியே இருக்காது, இந்த வயதில் வலிக்கவும் செய்யாது என்கிறார்கள் நண்பர்கள். இதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டுமா, அவரவர் விருப்பத்துக்கு விடலாமா?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

முதலில் அவருக்கு ஃபோன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சட்டம் கட்டாயம் வேண்டும். 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் நாய் வால் இல்லை. ஆனால் முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். இதற்கு யார் பயப்படுவார்கள்? இங்கிலாந்தில் 2007-லேயே தடுத்துவிட்டார்கள், வேலை நாய்களுக்கு மட்டும் விலக்கு வைத்து.

வலிக்காது என்று சொன்ன நண்பரை, வால் நறுக்கும்போது பக்கத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூடக் கொடுப்பதில்லை. கண் திறக்காத குட்டி வீறிடுவதைக் கேட்டபிறகும் அவர் அதையே சொல்கிறாரா பார்ப்போம். அழகு, இன லட்சணம் என்பதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் குன்னூரில் நாங்கள் இருந்த எஸ்டேட் லைன் வீடுகளுக்கு (தொழிலாளர் குடியிருப்பு) மேலே, பங்களாவில் இருந்த பாக்ஸர் நாய்தான் நினைவுக்கு வந்தது. கட்டைவிரல் அளவுக்கு வால். மனிதர்களைக் கண்டால் இடுப்போடு சேர்த்து உடம்பையே ஆட்டும். நமக்குப் புரியும், இன்னொரு நாய்க்கு எப்படிப் புரியும்? சாயங்காலம் மூடுபனி இறங்கினால் அந்தச் சாலையில் பத்தடிக்கு அப்பால் முகம் தெரியாது. லைன் நாய்கள் எதிரெதிரே வந்தால் கொஞ்சம் நின்று பார்க்கும். விறைத்துத் தூக்கிய வால் என்றால் ஒதுங்கிப் போகும், தாழ்ந்து தளர்வாக ஆடினால் மோப்பம் பிடிக்க வரும். இந்த பாக்ஸர் வந்தால் மட்டும் எல்லாவற்றுக்கும் முதுகுமயிர் சிலிர்த்துவிடும். அதுவும் ஆசையாக ஓடும், கடிபட்டுத் திரும்பும். பிறகு அதுவே முந்திக்கொண்டு பாயத் தொடங்கியது. சண்டைக்கார நாய் என்று பெயர் வைத்து, கடைசிவரை சங்கிலியில் போட்டுவிட்டார்கள். அதன் வாயை அடைத்தவர்கள் யார்?

நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 2008-ல் கனடாவில் நாய் அளவுக்கு ஒரு இயந்திர பொம்மை செய்து பார்த்தார்கள். நீள வால் ஆடினால் மற்ற நாய்கள் நம்பி நெருங்கின, ஆடாமல் நின்றால் தயங்கின. குட்டை வால் வைத்தபோது, ஆடுகிறதா நிற்கிறதா என்பதால் அவற்றின் நடத்தை மாறவில்லை. அதற்கு முந்தைய வருடம் இத்தாலியில் கண்டது இன்னும் நுட்பம்: எஜமானரைப் பார்த்தால் வால் வலப்பக்கம் அதிகம் ஆடுகிறது, மிரட்டும் அந்நிய நாயைப் பார்த்தால் இடப்பக்கம். இவ்வளவு பேசும் ஒரு உறுப்பைத்தான் கத்தரிக்கோலால் நறுக்கக் கேட்கிறார் அந்த மனிதர்.

புண்ணோ கட்டியோ வந்தால் மருத்துவர் எடுக்கட்டும், அது வைத்தியம்.

நண்பர்கள் சொல்கிறார்கள், விற்பவர் கேட்கிறார் என்கிறீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு வரிகூட இல்லையே! குட்டி உங்களுடையது. எட்டு வாரம் தாயிடம் இருக்கட்டும், அதற்குமுன் விற்கவும் கூடாது. வீட்டுக்கு வந்தபின் ராத்திரியில் வெளியே கட்டிப்போடாதீர்கள், கோத்தகிரியில் சிறுத்தை எப்போது வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.