சனிக்கிழமை என்றாலே நெஞ்சு படபடக்கிறது

வணக்கம் மேடம்,

எனக்கு 39 வயது. டெய்லராக இருந்தவள், சீட்டுப் பணத்தை எடுத்து இரண்டு மெஷினில் ஆரம்பித்து, இன்று திருப்பூரில் 20 மெஷினோடு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். கணவர் வேறொரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

காலையில் அடிக்க ஆரம்பிக்கும் போன் இரவு பதினொன்றானாலும் ஓய்வதில்லை. நூல் தீர்ந்தாலும், ஊசி உடைந்தாலும், லேபிள் மாறினாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். ஆர்டர் தரும் கம்பெனி பில் பணத்தை இழுத்தடிக்கிறது. சனிக்கிழமை சம்பளம் போட்டே ஆக வேண்டும். வெள்ளி இரவே படபடப்பு. மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை.

போன வாரம் செக்கிங்கில் இருக்கும் அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டார். எனக்கு எரிச்சல் மட்டும்தான் வந்தது. நான் இப்படி இருந்தவள் இல்லை. யோகாவுக்குப் போ என்கிறார்கள், அதற்கு நேரம் ஏது? யூனிட்டை மூடிவிடட்டுமா?

— பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த எரிச்சல் உங்கள் குணம் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. தீராத வேலை அழுத்தம் என்ன செய்யும் என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் மூன்று அறிகுறிகளைச் சொன்னது: உடலும் மனமும் ஓய்ந்துபோவது, வேலை மீது வெறுப்பு வருவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது. இதை அவர்கள் நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்றே வகைப்படுத்தினார்கள். அதனால் யோகா நல்லதுதான் என்றாலும், யூனிட் நடக்கும் விதம் மாறாமல் உங்கள் களைப்பு தீராது.

அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே களைப்பையும் படபடப்பையும் தரும். பிரஷரையும் பார்த்துவிடுங்கள். இந்த வாரமே.

இனி ஊசிக்கும் நூலுக்கும் வருவோம். யூனிட்டில் பொறுப்பான ஒருவர் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, "இந்தத் தொகைக்குள் என்றால் என்னைக் கேட்காதே, நீயே வாங்கு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் மறுநாளே மறுபடி உங்களிடம்தான் வருவார்கள். ஒருநாள் லீவு தருவதையும் அவரிடமே விடுங்கள். அவர் எடுக்கும் முடிவு நீங்கள் எடுப்பதைவிடக் கொஞ்சம் மட்டமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, விடுங்கள். டெய்லராக இருந்து முதலாளி ஆனவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், ஒவ்வொரு தையலும் கண்ணில் படும்.

சம்பளக் கவலையை வெறும் மனப்பிரச்சினை என்று நான் சொல்ல மாட்டேன். அது நிஜமான பணக் கவலை. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை. பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் என்ன தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம். புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடுமே என்று பயப்படுவீர்கள், அந்தப் பயம் நியாயமானது. அதனால் சண்டையில் ஆரம்பிக்க வேண்டாம். அடுத்த ஆர்டரை ஏற்கும்போதே பணம் தரும் தேதியை எழுதி வாங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் கணவர் ஒரே வரியில் வந்து போய்விட்டார். அவருக்கு இந்தக் கணக்கு தெரியுமா? வெள்ளி இரவு தனியாகப் படபடப்பதற்குப் பதில், வியாழன் மாலையே அவரோடு உட்கார்ந்து எவ்வளவு வரும், எவ்வளவு குறையும், யாரிடம் கேட்கலாம் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் வாட்ஸ்அப் பார்க்காதீர்கள். எழுந்து வேறு அறையில் உட்கார்ந்து, தூக்கம் வந்ததும் படுங்கள்.

மூடுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். கையில் இருக்கும் ஷிப்மென்ட் போகட்டும், கொஞ்சம் தூங்குங்கள், அப்புறம் மறுபடி எழுதுங்கள். அப்போதும் மூடத்தான் தோன்றினால் எப்படி மூடலாம் என்று சேர்ந்து யோசிப்போம், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால், விடியாமலே போய்விட்டால் நல்லது என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.