புல்வெட்டி எட்டாத ஓரங்கள்: புதுவீட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பிக்கு,

ரொறன்ரோ மாநகரத்தின் ஸ்காபரோவில் வீடு வாங்கிக் குடிபுகுந்த முதல் வசந்தத்திலேயே புல்லைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பழைய வீட்டுக்காரர் விட்டுச் சென்ற தள்ளு புல்வெட்டி இருக்கிறது என்றும், அது எட்டாத வேலியோரத்திலும் படிக்கட்டின் அருகிலும் புல் முழங்காலைத் தொடப் பார்க்கிறது என்றும், அதற்கென மின்சாரத்தில் இயங்கும், சுழலும் நூலால் புல்லை வெட்டும் நூல் ட்ரிம்மர் ஒன்று வாங்கத்தான் வேண்டுமா, வாங்கினால் வயர் உள்ளதா பற்றரி உள்ளதா, நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்ததில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நூல் அறுந்தது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள்.

வாங்கத்தான் வேண்டும். ஊரில் முற்றத்துப் புல்லை உழவாரத்தால் செருக்கி, மண் தெரியக் கூட்டி வைத்தால்தான் அது ஆள் புழங்கும் வீடு. புல் முளைத்த முற்றத்தைக் கண்டால் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போய்விட்டார் என்று நினைப்பார்கள். இங்கே புல்லே முற்றம், ஆனால் அதன் உயரத்துக்குச் சட்டம் இருக்கிறது. ரொறன்ரோ மாநகரத்தின் விதிப்படி புல்தரை 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக் கூடாது. உங்கள் காணிக்கும் வீதிக்கும் இடையே உள்ள கீற்று மாநகரத்துக்குச் சொந்தமானது என்றாலும், அதையும் வெட்டிப் பராமரிக்க வேண்டியவர் நீங்கள்தான். அயலவர் யாராவது முறைப்பாடு செய்தால் அதிகாரி அளவுகோலோடு வந்து நிற்பார். பெரும்பாலும் அந்த அளவுகோல் நடுப்புல்லில் அல்ல, நீங்கள் சொன்ன அந்த ஓரங்களில்தான் உயரத்தைக் காட்டும்.

நூல் ஏன் அறுகிறது என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொண்டால் இந்தக் கருவியையே புரிந்துகொண்டது போலத்தான். 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் ஜோர்ஜ் பல்லஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் நைலோன் தூரிகைகளைப் பார்த்துவிட்டு, ஒரு பொப்கோர்ன் தகர டப்பாவைத் துளைத்துத் தூண்டில் நூலைக் கோத்துச் சுழலவிட்டதில் பிறந்த கருவி இது. இதில் கத்தி இல்லை. நைலோன் நூல் சுழலும் வேகத்தில் விறைத்து நின்று, தன் நுனியால் புல்லைச் சீவுகிறது. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம் நிமிடத்துக்கு 7000 தடவை சுழன்றால், நுனியின் வேகம் மணிக்கு 400 கிலோமீற்றரை அண்மிக்கும். வெட்டுவது அந்த வேகம்தானே தவிர நம் கைப்பலம் அல்ல. நம்மவர்கள் பலர் மண்வெட்டி பிடித்த பழக்கத்தில் ட்ரிம்மரின் தலையைப் புல்லுக்குள் அழுத்தித் தள்ளுகிறார்கள். அப்போது நூலின் நடுப்பகுதி புல்லில் சிக்குகிறது, வேகம் விழுகிறது, மோட்டார் முனகுகிறது, நூல் சூடேறி அறுகிறது. தலையைச் சற்றே சரித்து, நுனி மட்டும் புல்லைத் தொடும் தூரத்தில் நின்று, இடவலமாக மெதுவாக வீசிச் செல்லுங்கள். புல் உயரமாக இருந்தால் அடியிலிருந்து வெட்டாதீர்கள். மேலிருந்து கீழாக இரண்டு மூன்று அடுக்காக இறக்கி வாருங்கள். அடியோடு வெட்டினால் நீளப் புல் தலையைச் சுற்றிக்கொண்டு கயிறு திரித்துவிடும்.

கம்பிவலை வேலி நூலுக்குப் பெரிய எதிரி. நுனி வலைக்குள் நுழைந்து கம்பியில் அடித்ததும் துண்டாகிப் போகும். வேலியை நோக்கி வீசாமல், வேலிக்கு இணையாக, ஒரு விரற்கடை விட்டு நடந்து செல்ல வேண்டும். வலையோடு ஒட்டி நிற்கும் நாலு புல்லைக் கையால் பிடுங்கிவிடலாம். இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு யாரும் இருக்கவில்லை. முதல் கோடையில் மூன்று நூற்சுருளைத் தீர்த்த பின்பே தெரிந்துகொண்டேன்.

நூலின் தடிப்பையும் பார்க்க வேண்டும். கடையில் அங்குல அளவில்தான் எழுதியிருப்பார்கள்: வீட்டுப் பாவனைக்கான மின் ட்ரிம்மர்களில் பெரும்பாலும் 0.065 அல்லது 0.080, அதாவது 1.65 அல்லது 2 மில்லிமீற்றர். எது உங்கள் கருவிக்கு உரியது என்பது கையேட்டில் இருக்கும். தடித்த நூல் அறாது என்று நினைத்துப் பெரியதைப் போட்டால் மோட்டாருக்குப் பாரம் கூடும். பழைய நூல் உலர்ந்து நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். உங்கள் நண்பரின் கருவி இரண்டு குளிர்காலம் கராஜில் கிடந்திருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நைலோன் நீரை உறிஞ்சும் பொருள் என்பதால், சுருளை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டால் மறுபடி வளைந்து கொடுக்கும். சுருளில் நூலை நீங்களே சுற்றினால் அதில் குறித்துள்ள அம்பின் திசையில், ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடாமல், பக்கம் பக்கமாகச் சுற்றுங்கள். சுருளைத் தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள், பற்றரி என்றால் பற்றரியைக் கழற்றுங்கள். இன்னொன்று: சில கருவிகளில் நூல் தானாக நீளும், சிலவற்றில் தலையை நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினால்தான் நீளும். தானாக நீளும் வகையில் ஒவ்வொரு முறை விசையை விட்டு அழுத்தும்போதும் கொஞ்சம் நூல் வெளியே வரும். ஆகவே விட்டுவிட்டு இயக்குபவர்களுக்கு நூல் வீணாகக் கரைகிறது. தலைக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மறைப்பைச் சிலர் தொந்தரவு என்று கழற்றிவிடுகிறார்கள். நூலை அளவாக நறுக்கும் சிறு தகடு அதில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் நூல் நீண்டு மோட்டாரைத் தின்றுவிடும், கல்லும் நேரே காலுக்கு வரும்.

கல்லைப் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரமும் செருப்புமாக இறங்கி வெட்டினேன். கடலை அளவு சரளைக்கல் ஒன்று கணுக்காலுக்கு மேலே அடித்த இடம் ஒரு மாதம் கறுத்துக் கிடந்தது. நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். முதல் வீச்சில் துணுக்குகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்த்து, அந்தப் பக்கத்தில் காரோ கண்ணாடிக் கதவோ பிள்ளைகளோ இல்லாதபடி நின்றுகொள்ளுங்கள். சனி, ஞாயிறு என்றால் காலை 9 மணிக்கு முன் தொடங்கவும் கூடாது. அது சத்தத்துக்கான மாநகர விதி.

நான் செய்த பெரிய பிழை மரத்தில். என் வீட்டு முன்புறத்தில் மாநகரத்தார் நட்ட இளம் மேப்பிள் ஒன்று நின்றது. அதன் அடியில் ஒரு புல்லும் நிற்கக் கூடாது என்று ஒவ்வொரு கிழமையும் மரத்தை ஒட்டி ட்ரிம்மரைச் சுற்றிக் கொண்டுபோவேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது கோடையில் ஓகஸ்ட் மாதமே இலைகள் சிவந்தன. இலையுதிர்காலம் முந்திவிட்டது என்று எண்ணி ரசித்தேன். அடுத்த வசந்தத்தில் மரம் துளிர்க்கவில்லை. பார்க்க வந்த மாநகர ஊழியர் ஒன்றும் பேசாமல் குந்தியிருந்து, புல்லை விலக்கி, நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் மரத்தைச் சுற்றி ஓடிய பழுப்பு வளையத்தை விரலால் தடவிக் காட்டினார். இலைகள் ஆக்கும் உணவு வேருக்கு இறங்கும் வழி பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றிவரச் சீவிவிட்டால் வேர் பட்டினி கிடந்து சாகும். இளமரத்தின் பட்டை மெல்லியது, நைலோன் நூலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. உங்கள் வீட்டு முன்னாலும் வீதிப் பக்கமாக மரம் நின்றால், அது பெரும்பாலும் மாநகரத்தின் மரமாகவே இருக்கும், அதைக் காயப்படுத்துவது தண்டனைக்குரியது. மரத்தைச் சுற்றி ஒரு மீற்றர் அளவுக்குப் புல்லை எடுத்துவிட்டு மரச்சீவலைப் பரப்பி விடுங்கள், சீவல் அடிமரத்தைத் தொடாமல் இருக்கட்டும். பிறகு ட்ரிம்மர் அங்கே போக வேண்டிய தேவையே இல்லை.

உங்கள் பின்வளவு பள்ளத்தாக்கை ஒட்டியது என்று எழுதியிருந்ததால் இதையும் சொல்ல வேண்டும். மூன்று மூன்று இலையாக நிற்கும் பொய்சன் ஐவியும், மஞ்சள் பூக்களைக் குடைபோல் விரிக்கும் வைல்ட் பாஸ்னிப்பும் அப்படியான கரைகளில் வளரும். ட்ரிம்மர் அவற்றைக் கூழாக்கி உங்கள் மேலேயே தெளிக்கும். முதலாவதன் பால் கடும் சொறியைத் தரும். இரண்டாவதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீப்புண்போல் கொப்பளிக்கும். தெரியாத செடி எதிலும் நூலை வைக்க வேண்டாம்.

செங்கல் பாதையின் இடுக்குகளில் முளைப்பதையும் ட்ரிம்மரால் சீவலாம், ஆனால் வேர் போகாது, இடுக்கில் உள்ள மணல்தான் கிளம்பிப் போகும். ஒன்ராறியோவில் 2009 முதல் வீட்டு வளவில் அழகுக்காகப் பெரும்பாலான களைநாசினிகளை அடிப்பது தடைசெய்யப்பட்டிருப்பதால், அதற்குக் கைதான் கருவி. புல்தரையின் ஓரங்களை ட்ரிம்மரால் வெட்டும்போது நடுப்புல்லின் உயரத்துக்கே, ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றருக்கு, நிறுத்துங்கள்; மண் தெரிய வழித்த இடத்தில் அடுத்து வருவது டண்டிலியன் என்ற மஞ்சள் பூக் களைதான். முதலில் ட்ரிம்மர், பிறகு புல்வெட்டி என்ற ஒழுங்கில் செய்தால் சிதறிய துணுக்குகளைப் புல்வெட்டி அரைத்து உரமாக்கிவிடும். வெட்டிய புல்லை மாநகரக் குப்பை வண்டி எடுக்காது என்பதையும் புதிதாக வருபவர்கள் பை கட்டி வைத்த பிறகே அறிகிறார்கள்.

வயரா, பற்றரியா என்பதற்கு வருகிறேன். பற்றரி வசதியானது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் பற்றரி மற்றதன் கருவியில் பொருந்தாது; ஆகவே முதலில் வாங்கும் பற்றரி, பின்னால் நீங்கள் வாங்கப் போகும் இலையூதியையும் துளைகருவியையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. குளிர்காலத்தில் அதைக் கராஜில் விடாமல் வீட்டுக்குள், பாதி மின்னேற்றத்தில் வைக்க வேண்டும்; உறைநிலைக்குக் கீழே மின்னேற்றவும் கூடாது. வீட்டுக் கடன் தொடங்கிய முதல் வருடத்தில், பதினைந்து நிமிட வேலைக்காக அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். வயர் உள்ளது விலை குறைவு, பாரமும் குறைவு, அதில் தீர்ந்துபோக ஒன்றும் இல்லை. நீட்டிப்பு வயர் மட்டும் வெளிப்பாவனைக்குரியதாக, மூன்று முனையுள்ளதாக இருக்க வேண்டும். 30 மீற்றர் வரைக்கும் 16 கேஜ் போதும், அதற்கு மேல் 14 கேஜ். எண் குறையக் குறைய வயர் தடிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டுக்குள் விளக்குக்குப் போடும் மெல்லிய மண்ணிற வயரைக் கொண்டுவந்தால் அது சூடேறும், மோட்டாரும் கெடும். பிளக்கின் அருகே தொடங்கி அதை விட்டு விலகிச் செல்லும் திசையில் வெட்டினால் வயர் எப்போதும் முதுகுப் பக்கமே கிடக்கும். புல் ஈரமாக இருக்கும் நாளில் வயர்க் கருவியை எடுக்கவே வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் வீட்டின் முன்சுவரிலும் பின்சுவரிலும் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புப் பிளக்காக (GFCI) இருக்க வேண்டும்; அதன் நடுவில் இரண்டு சிறு பொத்தான்கள் இருக்கும். ஏதாவது ஒன்றைச் செருகி ஓடவிட்டு, பரிசோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டாலோ, பொத்தானே இல்லாவிட்டாலோ, வேறு சுவரில் அத்தகைய பிளக் கட்டுப்படுத்தும் வரிசையில் அது இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துவிட்டே வயர் ட்ரிம்மரை வாங்குங்கள். நீட்டிப்பு வயருக்குச் செலவு செய்ய வேண்டாம். என்னிடம் 30 மீற்றர் வயர் ஒன்று சும்மா கிடக்கிறது, மே மாத விக்டோரியா நாள் விடுமுறையில் வந்து எடுத்துச் செல்லுங்கள்.