மணிக்கடைக்குப் பக்கத்தில்

அன்புள்ள அக்கா,

நானும் இரண்டு சிநேகிதிகளும் வவுனியாவில் இருக்கிறோம். நான் விதையிலும் சிரட்டையிலும் தோடு, மாலை செய்வேன். ஒருத்தி பிள்ளைகளுக்கு முகத்தில் படம் கீறுவாள். மற்றவள் கிற்றார் வாசிப்பாள். கொழும்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இப்படிக் கடை போட்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டு, ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று சுற்றினோம். பஸ் காசு கூட வரவில்லை. "உதென்ன வெள்ளைக்காரப் பழக்கம், குமர்ப் பிள்ளைகள் ஊர் ஊராய்த் திரியிறது" என்று ஓர் ஐயா சத்தம் போட்டார். கடைசி நாள் ஒரு சின்னப் பொடியன் புலி முகம் கேட்டான். செம்மஞ்சள் பூசத் தொடங்கியதும் தாய் வந்து, ஒன்றும் பேசாமல், பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டா. நாங்களும் கடையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இது எங்கள் சனத்துக்குப் பொருந்தாத வேலையா? என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

ஐயாவுக்குப் பதில் சொல்வது சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். வெள்ளைக்காரப் பழக்கம் என்றால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிற, காப்பு மாலை விற்கிற மணிக்கடைகளை என்ன சொல்வது? அந்த ஐயாவும் சின்ன வயதில் அம்மம்மாக் குழல் கேட்டு அழுது, அடியும் வாங்கி, குழலும் வாங்கித்தான் வளர்ந்திருப்பார். காப்பும் தோடும் ஊதுகுழலும் விற்கிற அதே திருவிழாக்களில்தான் முத்துவெள்ளையும் அரிதாரமும் பூசிக்கொண்டு விடிய விடியக் கூத்தாடினார்கள். முல்லை மோடி என்கிற முல்லைத்தீவுப் பாணியில் கோவலன் கூத்துப் பார்த்த ஊர் இது. உங்கள் மூன்று பேருடைய தொழிலும் இங்கே ஒரே வெளியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. ஆகவே பொருந்துமா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். ஏன் விற்கவில்லை என்பது வேறு கதை.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது முள்ளியவளையில் எங்கள் வீட்டுக்கு ஒரு காப்புக்கார அம்மா வருவா. தலையில் பெட்டி, தோளில் துணி மூட்டை. திண்ணையில் இருந்து என் கையைப் பிடிப்பா. அளவு கேட்க மாட்டா, பிடித்த பிடியிலேயே அளவு தெரிந்துவிடும். பெருவிரல் எலும்பை உள்ளங்கைக்குள் மடித்து அமுக்கி, சவர்க்காரத் தண்ணீர் தடவி, கண்ணாடிக் காப்பை மெல்லத் திருப்பித் திருப்பி ஏற்றுவா. "நோகுதோ?" என்று கேட்டு முடிப்பதற்குள் காப்பு மணிக்கட்டில் இருக்கும். ஏற்றும்போது உடைந்தால் நட்டம் அவவுக்கு, ஏறிய பிறகு உடைந்தால் எங்களுக்கு. அது அவவுடைய சட்டம். காசு இல்லாத வீட்டில் நெல்லாக அளந்து வாங்கிக்கொள்வா.

நெல்லாக வாங்கினா என்பதைக் கவனியுங்கள். அவ மாசி, பங்குனியில்தான் வருவா. மாரியில் ஒருநாளும் வந்ததில்லை.

நீங்கள் போனது ஐப்பசி முதல் மார்கழி வரை. வன்னியில் அதைவிட மோசமான மூன்று மாதத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. மழைக்காலம் என்பது ஒன்று. காலபோகம் என்கிற பெரிய நெற்போகத்தின் விதைப்புக் காலம் என்பது அதைவிடப் பெரிது. வீட்டுக் காசெல்லாம் உழவுக்கூலியாகவும் விதைநெல்லாகவும் பசளையாகவும் வயலுக்குள் கிடக்கும். பல வீடுகளில் தாயின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கும். சங்கிலியை அடகு வைத்துவிட்டு வருகிற மனிசிக்கு நீங்கள் சிரட்டைத் தோடு காட்டியிருக்கிறீர்கள். மாசி, பங்குனியில் அருவி வெட்டி, அதாவது அறுவடை முடித்து, நெல் விற்று, அடகு மீட்ட பிறகு அதே மனிசியைப் பாருங்கள், வேறு ஆளாக இருப்பா. சிறுபோகம் என்கிற இரண்டாம் நெற்போகம் இரணைமடு போன்ற குளத்து நீர் பாய்கிற இடங்களில் மட்டும்தான், அதுவும் தண்ணீர் இருந்தால். அந்தக் காசு ஆவணி, புரட்டாதியில் வரும். அதை ஒட்டித்தான் மடு மாதாவின் ஆவணித் திருநாள், ஆகஸ்ட் 15. வெளிநாட்டில் இருப்பவர்கள் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து நிற்பதும் அந்தக் காலத்தில்தான். கையால் செய்த பொருளுக்குச் சொன்ன விலையைக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் ஊர்த் தாய்மாருக்கு நகை என்பது அழகுக்கு முதல் வங்கி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கையில் கொண்டுபோகக்கூடியது அது ஒன்றுதான் என்று கற்றுக்கொண்ட சனம். உங்கள் மாலையைக் கையில் எடுத்துப் பார்க்கிற தாயின் மனதுக்குள் ஓடுவது "இதை அடகு வைக்கலாமோ?" என்பதுதான். அவவிடம் விற்கப் பார்க்காதீர்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளிடம் நூறு, இருநூறு ரூபா இருக்கும். அந்த விலைக்கு ஒரு சாமான் கடையின் முன்வரிசையில் இருக்க வேண்டும்.

விதைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குன்றிமணியைத் தொடாதீர்கள். சிவப்பும் கறுப்புமாக அழகுதான், தட்டார் தராசில் பொன் நிறுத்ததும்தான். ஆனால் உள்ளே இருப்பது கடும் நஞ்சு. தோல் கல்லுப்போல இருக்கும்வரை நஞ்சு உள்ளேயே கிடக்கும். மாலை கோப்பதற்கு ஊசியால் துளைத்தால் அந்தக் கதவை நீங்களே திறந்துவிடுகிறீர்கள், பிறகு ஒரு கைப்பிள்ளை அதை வாயில் வைக்கும். சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சாடி இருக்கிறது. கறுப்புக்குக் கல்வாழை விதை, சாம்பலுக்குக் கடற்கரைப் பக்கத்துக் கழற்சிக்காய். அவற்றையும் பிள்ளைகள் வாயில் வைக்க விடவேண்டாம். முல்லைத்தீவுக் கரையில் சிப்பி பொறுக்கலாம். முருகைக்கல்லும் ஆமை ஓடும் சட்டப்படி குற்றம், யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.

இனிப் புலி.

இதை எழுதுவதற்கு இரண்டு நாள் யோசித்தேன். முகத்தில் படம் கீறும் எந்த நாட்டுச் சந்தையிலும் பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்கிற முகங்களில் புலியும் முன்னுக்கு நிற்கும். செம்மஞ்சள், கறுப்புக் கோடு, இரண்டு பக்கமும் மீசை. உங்கள் சிநேகிதி அதைத்தான் படித்திருப்பாள். அந்தப் பொடியன் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவன். அவனுக்குப் புலி என்றால் கார்ட்டூனில் வருவது. தாய்க்கு அப்படியில்லை. அவ எங்கே இருந்தா, யாரை இழந்தா, எந்தச் சோதனைச் சாவடியில் என்ன கேள்விக்குப் பதில் சொன்னா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தச் சொல்லுக்குப் பயந்தாவா, அந்தச் சொல்லை விளையாட்டாக்கியதில் நொந்தாவா, அதுவும் தெரியாது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். ஒன்றும் பேசாமல் போனா என்று எழுதியிருக்கிறீர்கள். பேசாமல் போனவரிடம் விளக்கம் சொல்லப் பின்னால் ஓடாமல் விட்டீர்களே, அது நல்லது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடைப் பலகையில் இருந்து புலியை எடுத்துவிடுவேன். பயந்து எடுக்கச் சொல்லவில்லை. எங்கள் காட்டில் புலியே இல்லை, தங்கச்சி. இலங்கை முழுவதிலும் காட்டுப்புலி கிடையாது. இருப்பது சிறுத்தை. புள்ளி போட்டது. கரடி இருக்கிறது, யானை இருக்கிறது, மயில் இருக்கிறது, வயலை உழுதுபோடுகிற பன்றி இருக்கிறது. முகத்துக்குப் பன்றியைப் போல வேடிக்கை வேறெதுவும் இல்லை. மூக்கில் ஒரு வட்டம், இரண்டு துளை, கடைவாயில் இரண்டு கொம்பு. ஐந்து நிமிட வேலை. ஒரு பிள்ளை பன்றியானால் பின்னால் பத்துப் பேர் பன்றியாகக் கேட்பார்கள், நான் பந்தயம் கட்டுகிறேன்.

அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் கிற்றார். வரிசையில் நிற்கும் பிள்ளைகளும் தாய்மாரும் அலுத்துக் கலைந்துவிடாமல் பிடித்து வைப்பது பாட்டின் வேலை. ஒலிபெருக்கி வேண்டாம். அதற்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும், எடுத்தாலும் கோயில் லவுட்ஸ்பீக்கரோடு போட்டி போட முடியாது. பாண் விற்கிறவரின் ஆட்டோவில் ஒலித்துக்கொண்டு வருகிற பீத்தோவன் மெட்டைக் கிற்றாரில் வாசித்தாலே பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். பன்றி முகத்துக்குப் பண்டிப்பள்ளு பாடலாம். வயலைப் பன்றி அழித்த கதையைப் பாடும் பாட்டு அது, உங்கள் அம்மம்மாவிடம் கேட்டால் இரண்டு அடியாவது வரும்.

நேரமும் பிழைத்திருக்கிறது. காலைச் சந்தைக்கு வருகிறவர் மரக்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு வெயில் ஏறமுதல் வீடு போய்ச் சேரப் பார்ப்பார். பத்து மணி வெயிலில் பூசிய சாயம் பத்தரைக்கு வேர்வையோடு கழுத்தில் இறங்கும். நாலு மணிக்குப் பிறகு, திருவிழா என்றால் இரவில் இருங்கள். சாயம் தோலுக்கென்று செய்ததாக இருக்கட்டும். பழைய அரிதாரம் ஆசனிக் நஞ்சு கலந்த கல், கூத்தாடிகள் பூசினார்கள் என்பதற்காகப் பிள்ளைகளுக்குப் பூச முடியாது.

இரவு என்றதும் அந்த ஐயாவின் குரல் காதில் கேட்கும், தெரியும். தைரியமாக இருங்கள் என்று இங்கே இருந்து எழுதுவது எனக்குச் சுகம், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கப்போவது நீங்கள். ஆகவே ஒன்று மட்டும் சொல்கிறேன். கச்சான், அதாவது நிலக்கடலை, விற்கிற பெண்களுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். கோயிலுக்குக் கோயில் போய், படங்கை விரித்து, கடையிலேயே படுத்தெழும்புகிறவர்கள் அவர்கள். பிரதேச சபையில் இடம் எப்போது ஏலம் போகும், யாரிடம் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும், எந்த மூலையில் குடிகாரர் கூடுவார்கள், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். முதல் நாள் பத்து முடிச்சுக் கச்சான் வாங்கிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

நானும் ஒருமுறை கோயில் வீதியில் புத்தகக் கடை போட்டவள்தான். மூன்று நாள் இருந்தேன். "வாக்கிய பஞ்சாங்கம் இருக்கோ?" என்று கேட்டவர்கள் ஏராளம். என் கதைப் புத்தகத்தை ஒருவர் எடுத்தார், விசிறிவிட்டு வைத்தார். அடுத்த வருடம் பஞ்சாங்கமும் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் கதையும் நாலைந்து போனது.

வைகாசியில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிந்து, பிறகு திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல். நான் அங்கே நிற்பேன். மஞ்சாடியில் ஒரு காப்புக் கோத்து வையுங்கள். என் கைக்கு இரண்டு எட்டு அளவு சரி. சொன்ன விலையைக் குறைத்துத்தான் கேட்பேன், நீங்கள் குறைக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா