ஆட்டுரலுக்குப் பின்னால்

ஐயா,

என் மகளுக்கு ஏழு வயது. வகுப்பில் கேட்டால்தான் பேசுகிறாள், அதுவும் மெல்ல. ‘இன்ட்ரோவர்ட், தனக்குள்ளேயே ஒதுங்குகிற சுபாவம், மாற்றப் பாருங்கள்’ என்கிறார் ஆசிரியை. மூளை ஸ்கேனில் இது தெரியும் என்று படித்தேன். எடுக்கலாமா? கோடை முகாமில் சேர்க்கலாமா?

கே.

அன்புள்ள கே,

ஸ்கேன் வேண்டாம். பலரைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் தெரியும் வித்தியாசம் அது. அதை வைத்து ஒரு பிள்ளையை எந்த டாக்டராலும் இன்னார் என்று சொல்ல முடியாது. மெல்லப் பேசுகிறாள் என்பதற்காக ஏழு வயதுப் பிள்ளையை அந்தக் குழாய்க்குள் படுக்க வைப்பீர்களா? கோபமாகத்தான் கேட்கிறேன்.

கொஞ்ச நாளாகவே அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகனின் ஆய்வு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. 1989-ல் ஹார்வர்டில் நான்கு மாதக் குழந்தைகள் 500 பேரை வைத்துத் தொடங்கியது. கண்ணெதிரே பொம்மைகள் ஆடும், புதுக்குரல் கேட்கும், ஸ்பிரிட் நனைத்த பஞ்சு மூக்கருகே வரும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கையைக் காலை உதைத்து, முதுகை வளைத்து அழுதது. ஐந்தில் இரண்டு பேசாமல் பார்த்துக்கொண்டு கிடந்தன. வளர்ந்தபின் இவர்களில் யார் ஒதுங்கி நிற்பார்கள்? பேசாமல் கிடந்தவர்கள் என்றுதான் நாம் சொல்வோம். உதைத்து அழுதவர்களில்தான் அப்படிப்பட்டவர்கள் அதிகம். புதியதைக் கண்டதும் மூளைக்குள் மணி அடிக்கிற அமிக்டலா இவர்களுக்குச் சட்டென்று விழித்துக்கொள்கிறது என்றார் கேகன். வேறொரு குழுவில், இரண்டு வயதில் ஒதுங்கி நின்றவர்களை இருபதை ஒட்டிய வயதில் ஸ்கேன் செய்தபோது (2003-ல் வெளிவந்த ஆய்வு), அறியாத முகங்களுக்கு அந்தப் பகுதி மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேலை செய்தது.

கூச்சமும் இன்ட்ரோவர்ட் தன்மையும் அச்சாக ஒன்றில்லை, சரி. ஆனாலும் 1967-ல் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர் இன்ட்ரோவர்ட் மூளை ஏற்கெனவே கூடுதல் விழிப்பில் இருக்கிறது என்று சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: அந்தப் பிள்ளைக்குள் எதுவும் குறையவில்லை. உலகம் அதற்குச் சத்தமாகக் கேட்கிறது. நமக்குப் பேச்சாகக் கேட்பது அதற்கு இரைச்சலாகக் கேட்கிறது.

என் தம்பி அப்படி. பொங்கலுக்கு வீடு நிறையச் சொந்தம் வந்தால் பின்கட்டில் ஆட்டுரலுக்குப் பின்னால் குந்திக்கொள்வான். அப்பா தரதரவென்று இழுத்து வருவார். “மாமாவுக்கு வணக்கம் சொல்லுடா.” உதடு நடுங்கும், குரல் வராது. “ஊமைக்கோட்டான்” என்பார் சித்தப்பா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், இன்றும் நெஞ்சை அறுக்கிறது. ராத்திரி பாயில் படுத்தபின் என் காதோரம் அவன் சொல்வான்: “அத்தை கொல்லையில அழுதாங்கண்ணா.” அத்தனை பேர் இருந்த வீட்டில் வேறு யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

உங்கள் மகள் வகுப்பில் என்ன பார்த்தாள் என்று ஒருநாளாவது கேட்டீர்களா, கே?

பொத்திப் பொத்தி வளர்க்கவும் வேண்டாம். எதிலும் விடாமல் காத்த பிள்ளைகளுக்குப் பயம் தெளியவில்லை என்பதையும் கேகன் பார்த்தார். முகாமுக்குப் போகிறாயா என்று அவளையே கேளுங்கள். போகிறேன் என்றால் முதல் நாள் அரை மணி முன்னதாகக் கூட்டிப் போங்கள். அறை காலியாக இருக்கும்போது எங்கே உட்கார்வது என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.