சிவப்பாகிவிட்ட சி டிரைவ்

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினி எட்டு வருடம் பழையது, விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. 100 ஜிபி சி டிரைவில் 4 ஜிபிதான் மிச்சம், கோடு சிவப்பாகிவிட்டது. டி டிரைவில் 800 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. தெரிந்த பையன் ஒருவன் ஒரு கிளீனர் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். அது ஆயிரக்கணக்கில் ரிஜிஸ்ட்ரி பிழைகள் இருப்பதாகச் சொல்லி, சரிசெய்யப் பணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முதல் வேலையாக அந்தக் கிளீனரை நீக்கிவிடுங்கள். ரிஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு. அதில் 'பிழை' என்று கிளீனர் காட்டுவதில் பெரும்பாலானவை எப்போதோ நீக்கிய மென்பொருள்கள் விட்டுப்போன பழைய வரிகள்தான். அவற்றை அழிப்பதால் வேகம் கூடாது, தவறான வரி ஒன்று அழிந்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம்.

சரி, சி டிரைவ் நிறைந்தால் கணினி ஏன் மெதுவாகிறது? ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கான தற்காலிக நினைவகம், போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துகிறது. அப்டேட்களைப் பிரித்து வைக்கவும் இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் இரண்டுமே திணறும். காலி இடம் துண்டு துண்டாக இருப்பதால் புதிய ஃபைல்களும் சிதறித்தான் பதிவாகும், ஒரே ஃபைலைப் படிக்க ஹார்ட் டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்கும். மிச்ச இடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால்தான் கோடு சிவப்பாகும். அதை இருபது சதவீதத்துக்காவது கொண்டுவாருங்கள்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். அங்கே தற்காலிக ஃபைல்கள் என்ற பகுதியைத் திறந்து வேண்டாதவற்றை டிக் செய்து அழிக்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். சான்றிதழ், ரசீது, பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் அங்கேதான் கிடக்கும் என்பதால், திறந்து பார்க்காமல் அதை மட்டும் டிக் செய்துவிடாதீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் நீங்களாக எதையும் அழிக்கவும் வேண்டாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அழிப்பதைவிட இடம் மாற்றுவதுதான் சரி. டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் மூன்றும் பிறவியிலேயே சி டிரைவில் இருப்பவை. ஒவ்வொன்றின் மேலும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற டேபுக்குப் போய், மூவ் கொடுத்து, டி டிரைவில் புதிதாக உருவாக்கிய ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். மூன்றுக்கும் தனித்தனி ஃபோல்டர் வேண்டும், நேராக டி டிரைவையே காட்டிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதற்குப் பிறகு சேர்கிற போட்டோக்களும் தானாகவே அங்கேதான் போகும், ஆறு மாதம் கழித்து இதே பிரச்சினை திரும்பி வராது.

இதெல்லாம் முடிந்த பிறகும் மெதுவாகவே இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் நின்றுகொண்டே இருந்தால், இனி எவ்வளவு அழித்தாலும் பெரிய பலன் இருக்காது. பழைய ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டு. ஒவ்வொரு தடவையும் தகவல் இருக்கும் இடத்தைத் தேடிப் போகவே அதற்குச் சுமார் பத்து மில்லி விநாடி ஆகிறது. எஸ்எஸ்டி என்பது தகவலைச் சிப்களில் சேமிக்கும் டிஸ்க். அதில் சுழலும் பாகமே இல்லை, அதே வேலை ஒரு மில்லி விநாடிக்கும் மிகக் குறைவான நேரத்தில் முடிந்துவிடும். கிளீனருக்குக் கொடுக்க நினைத்த பணத்தை ஒரு எஸ்எஸ்டி வாங்க எடுத்து வையுங்கள். விண்டோஸுக்கும் மென்பொருள்களுக்கும் 256 ஜிபி போதும், பழைய டிஸ்க் போட்டோ, வீடியோ வைக்க அப்படியே இருக்கட்டும். எட்டு வருடக் கணினிக்கு இதைவிடப் பெரிய வேக மாற்றம் வேறு எதிலும் கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சி, டி என்று இரண்டு பெயர் இருந்தாலும் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். சி-யிலிருந்து டி-க்கு மாற்றியது பேக்கப் ஆகாது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். எதையும் தொடங்குமுன் குடும்பப் போட்டோக்களை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுங்கள், அதிலும் கணினிக்குள்ளிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் இன்றைக்கே எடுங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் எஸ்எஸ்டி இருக்கிறது. முன்பு போல மாதம் ஒருமுறை டீஃப்ராக் செய்யலாமா?

பதில்: வேண்டாம். சிதறிக் கிடக்கும் ஃபைல்களை அருகருகே கொண்டுவருவது முள் ஓடித் தேடும் டிஸ்க்குக்குத்தான் உதவும். எஸ்எஸ்டியில் அதனால் வேகம் கூடாது, வீணாக எழுதி எழுதி அதன் ஆயுள்தான் தேயும். விண்டோஸ் அதை எஸ்எஸ்டி என்று அடையாளம் கண்டு, டிரிம் என்ற வேறொரு பராமரிப்பைத் தானே செய்துகொள்ளும். அதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் கால அட்டவணையை நிறுத்தாமல் விட்டுவையுங்கள்.