மறு: என் விதியில் என்ன குறை?

"புத்தகத்தைத் தாமதமாகத் தருவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று நூலக விதி வரையும் பயிற்சியில் எழுதிப் பாதி மதிப்பெண்தான் வந்தது என்கிறீர்கள். ஆசிரியர் சுழித்த இடம் சரிதான். செயல் தெளிவு, விளைவுதான் புகைமூட்டம். யார் எடுப்பது, என்ன நடவடிக்கை, எவ்வளவு? சூடுபட்டால் மெழுகு தானாக உருகும். தவறினால் அபராதம் என்பது தானாக நடப்பதல்ல, சட்டம் போடும் முடிச்சு. சட்டத் தத்துவ அறிஞர் ஹான்ஸ் கெல்சன் அழுத்திச் சொன்ன வேறுபாடு இது.

இப்படி மாற்றிப் பாருங்கள்: "14 நாளுக்குள் திருப்பித் தராவிட்டால், நூலகர் நாளொன்றுக்கு இவ்வளவு அபராதம் விதிக்க வேண்டும்." 'விதிக்கலாம்' என்று எழுதினால் நூலகருக்கு விருப்புரிமை, அதாவது விதிப்பதா விடுவதா என்று தானே முடிவு செய்யும் உரிமை, வந்துவிடும். நிபந்தனை இரண்டானால் 'மற்றும்', 'அல்லது' இரண்டையும் குழப்பாதீர்கள். வழக்கே அந்த ஒற்றைச் சொல்லில் தொங்கும்.

அப்புறம், மருத்துவமனையில் படுத்திருந்தவருக்கும் அபராதமா? விதிவிலக்கு உங்கள் வரைவில் இல்லவே இல்லை.